பாபநாசம் கூட்டமும் வாழையிலையும்

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் ஏறும்போது, பாபநாசத்தில் இட்லிக்கடை முதல் லாட்ஜ் வரை ஓய்வு கிடையாது. மேலே புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக்கைத் தடுப்பார்கள். பொட்டலம் கட்ட வாழையிலைதான் வசதி. ஆடிக்காற்றில் இலை கிழியும் என்பது உண்மைதான். ஆனால் நுனி இலை போக, ஏடும் டிபனுக்கு விலைபோகும். ஓட்டல்காரரிடம் ஆனியிலேயே பேசி வைப்பது நல்லது.

உறுத்துவது ஒன்று உண்டு. குளித்தவர்கள் பரிகாரமென்று துணியை ஆற்றிலேயே விடுகிறார்கள். கடைக்காரருக்கு அது மறுநாள் குப்பை. நதியுண்ணி, கன்னடியன் பாசன விவசாயிக்கோ அது தண்ணீர்ப் பிரச்சினை. மடையில் ஒரு சேலை சிக்கினாலே கடைமடைக்கு வரத்து குறையும். துண்டு, வேட்டி விற்கும் கடைகளே வாசலில் பழைய துணிக்கு ஒரு கூடை வைக்கலாம்.