பின்னலான மடக்குகளின் கட்டுப்பாடு (ஜாவாஸ்கிரிப்ட்)

பின்னலான மடக்கு என்பது ஒரு மடக்கின் (லூப்) உள்ளே மற்றொரு மடக்கு அமைவதாகும். ஜாவாஸ்கிரிப்டில் 'பிரேக்' கட்டளை மடக்கை முடித்துவிடும். 'கன்டினியூ' நடப்புச் சுற்றை மட்டும் விட்டு அடுத்த சுற்றுக்குச் செல்லும். தனியாக எழுதும்போது இரண்டும் தம்மைச் சூழ்ந்த மிக அருகிலுள்ள மடக்கையே கட்டுப்படுத்தும். மாணவர்கள் தவறுவது இங்கேதான்.

எடுத்துக்காட்டு

தாம்பரத்திலிருந்து புறப்படும் விரைவு ரயில் ஒன்றில் 10 பெட்டிகள், பெட்டிக்கு 72 படுக்கைகள் எனக் கொள்க. வெளிமடக்கு பெட்டிகளையும், உள்மடக்கு படுக்கைகளையும் வரிசையாகச் சோதிக்கிறது. ஒரு பயணிக்கு முதலில் கிடைக்கும் காலிப் படுக்கையை ஒதுக்க வேண்டும். 3ஆம் பெட்டியில் 17ஆம் படுக்கை காலி. அதை ஒதுக்கியபின் வெறும் 'பிரேக்' இட்டால் உள்மடக்கு மட்டுமே நிற்கும். 4ஆம் பெட்டியில் தேடல் தொடரும். 6, 9ஆம் பெட்டிகளிலும் காலியிடம் இருந்தால் ஒரே பயணிக்கு மூன்று படுக்கைகள் போய்விடும். நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது என்பதால் தவறு எளிதில் தெரியாது.

லேபிள்

வெளிமடக்கின் முன் ஒரு பெயரும் முக்காற்புள்ளியும் இடுவது லேபிள் ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் ஒருங்குறிப் பெயர்களை ஏற்பதால் 'பெட்டிகள்:' என்று தமிழிலேயே பெயரிடலாம்; கட்டளைச் சொல் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். 'பிரேக் பெட்டிகள்' எனக் கட்டளையிட்டால் இரண்டு மடக்குகளும் சேர்ந்து முடியும். மேற்கண்ட தேடல் 2×72+17 = 161 சோதனைகளோடு நின்றுவிடும்.

சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கு முழுதும் காலியான பெட்டி வேண்டுமெனில், நிரம்பிய படுக்கை ஒன்றைக் கண்டவுடன் 'கன்டினியூ பெட்டிகள்' என்றால் போதும். மீதிப் படுக்கைகளைப் பாராமல் அடுத்த பெட்டிக்குச் செல்லும்.

கவனிக்க வேண்டியவை

* கட்டளையும் லேபிள் பெயரும் ஒரே வரியில் இருக்க வேண்டும். பெயர் அடுத்த வரிக்குப் போனால் கட்டளை வெறும் 'பிரேக்' ஆகிவிடும்.
* 'ஃபார்ஈச்' முறைக்குத் தரும் செயற்கூறுக்குள் இருந்துகொண்டு 'பிரேக்' மூலம் அச்சுழற்சியை நிறுத்த முடியாது. அங்கு 'ரிட்டர்ன்' இட்டாலும் அந்த ஒரு சுற்றே முடியும்.
* இரு மடக்குகளையும் ஒரு செயற்கூறில் வைத்து, விடை கிடைத்ததும் 'ரிட்டர்ன்' மூலம் வெளியேறுவது மற்றொரு வழி. லேபிள் தேவைப்படாது, நிரலும் படிக்க எளிது.

வரலாறு

1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையில், 1999இல் வெளியான மூன்றாம் பதிப்பில் லேபிள் இடம்பெற்றது. ஜாவாவிலும் இவ்வசதி உண்டு, பைத்தானில் இல்லை.