ஏரிக்கு அடியில் வைரம்... மூடும் நாள் குறித்துவிட்டு ஓடிய கனடா சுரங்கம்!

சரக்கு ஏற்றிய லாரியின் ஸ்பீடாமீட்டர் முள் 25-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் லாரி ஏரிக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. காரணம், அந்த லாரி போய்க்கொண்டிருப்பது உறைந்து கிடக்கும் ஏரியின் மேல். வேகமாகப் போனால் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் தண்ணீரில் அலை கிளம்பும். அந்த அலை லாரிக்கு முன்னால் ஓடிப்போய் பனிக்கட்டியைப் பிளந்துவிடும்.

கனடாவின் வடக்கே, யெல்லோநைஃப் நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கும் இந்தப் பனிச்சாலை சுமார் 400 கிலோமீட்டர் நீளம். அதில் 80 சதவிகிதத்துக்கும் மேல் ஏரிகளின் மீதுதான் போகிறது. பிப்ரவரி, மார்ச் என்று வருடத்துக்கு இரண்டு மாதம்போலத்தான் சாலை இருக்கும். பிறகு உருகிக் காணாமல்போகும். அடுத்த குளிர்காலத்தில் மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும்.

இத்தனை பாடும் சில வைரச் சுரங்கங்களுக்காக. அவற்றில் முக்கியமானது டயாவிக். லாக் டி கிரா என்ற ஏரிக்கு நடுவே, ஒரு தீவில் இருக்கிறது. டீசல், சிமென்ட், வெடிமருந்து, டயர் என்று ஒரு வருடத்துக்கு வேண்டிய கனமான சாமான்கள் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2006-ல் குளிர் ஏமாற்றிவிட்டது. சாலையைச் சீக்கிரமே மூட வேண்டியதாகி, மிச்சச் சரக்கை ஆகாய மார்க்கமாகக் கொண்டுபோனார்கள். செலவு எங்கேயோ போய்விட்டது.

2003-ல் உற்பத்தியைத் தொடங்கிய டயாவிக்குக்கு, 2026-ன் தொடக்கத்தோடு உற்பத்தி முடிவு என்று அதன் உரிமையாளரான ரியோ டின்டோ நிறுவனம் முன்கூட்டியே நாள் குறித்துவிட்டது. ஒரு சுரங்கம் தன் கடைசி நாளைத் தெரிந்துகொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும்?

துளைக்குள் மின்னிய கல்

லாக் டி கிரா என்றால் பிரெஞ்சு மொழியில் 'கொழுப்பு ஏரி'. பூர்வகுடிகளான ட்லீச்சோ மக்கள் வைத்த பெயருக்கும் அதே அர்த்தம்தான். அங்குள்ள பாறைகளில் ஓடும் வெள்ளைக் கோடுகள், அவர்கள் வேட்டையாடும் கரிபூ மானின் கொழுப்பைப்போல இருக்குமாம்.

1991-ல் இந்த ஏரியை ஒட்டிய பகுதியில் வைரம் இருப்பது தெரியவந்ததும், நிலத்தை வளைத்துப் போட ஒரு பெரிய போட்டியே நடந்தது. போட்டியில் இருந்த சின்ன நிறுவனம் ஒன்றில் புவியியலாளராக வேலை பார்த்தார் ஐரா தாமஸ். அப்போது அவர் இருபதுகளில் இருந்தார். 1994 வசந்த காலத்தில், ஏரியின் பனி உருக ஆரம்பித்திருந்த நேரத்தில், அவரது குழு ஏரியின் அடித்தளத்தைத் துளையிட்டது. வெளியே வந்த பாறைத்துண்டில் சுமார் 2 காரட் வைரம் ஒன்று வெறும் கண்ணுக்கே தெரிந்தது. துளையிட்டு எடுத்த பாறையில் வைரத்தைக் கண்ணால் பார்ப்பது லட்சத்தில் ஒரு அதிர்ஷ்டம். டயாவிக்கின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வைரம் உருவாவது பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கிருந்து அதை மேலே தூக்கிவருவது எரிமலை வெடிப்பு. அப்படி வெடித்த குழாய் போன்ற பாதையில் இறுகிப்போன பாறைக்குப் பெயர் கிம்பர்லைட். டயாவிக்கில் இந்த வெடிப்பு நடந்தது சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கிம்பர்லைட் குழாய் மேலே அகலமாகவும், கீழே போகப் போகக் குறுகலாகவும் இருக்கும். கிட்டத்தட்ட கேரட் கிழங்கு வடிவம். காரட் கணக்கில் விற்கும் பொருளுக்கு இப்படியொரு பொருத்தம்!

ஏரியைத் தள்ளிவைத்தார்கள்

சிக்கல் என்னவென்றால், டயாவிக்கின் நான்கு குழாய்களும் ஏரித் தண்ணீருக்கு அடியில் இருந்தன. அதனால் ஏரிக்குள்ளேயே கரை கட்டினார்கள். முதல் கரை மட்டும் 3.9 கிலோமீட்டர். கரைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட மீன்களைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு, தண்ணீரை இறைத்து, காய்ந்த ஏரித் தரையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள்.

முதலில் திறந்தவெளிக் குழி. பள்ளம் ஆழமாக ஆக, கழிவுப் பாறையை அள்ளும் செலவு கட்டுப்படியாகாது. எனவே 2010-லிருந்து நிலத்தடிச் சுரங்கம். லிஃப்ட் இறங்கும் செங்குத்துக் கிணறு இங்கே கிடையாது. சுற்றிச் சுற்றி இறங்கும் சரிவுப் பாதையில் லாரிகளே உள்ளே போய் வந்தன, அரை கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை.

உள்ளே வேலை நடந்தது இப்படி... கிம்பர்லைட்டுக்குள் ஒரு தளம் போலச் சுரங்கப்பாதைகள் போடுவார்கள். தலைக்கு மேலே இருக்கும் பாறையில் துளைகள் இட்டு வெடி வைப்பார்கள். நொறுங்கி விழுவதை ரிமோட்டில் இயங்கும் வண்டி போய் அள்ளி வரும். கூரை திறந்து கிடக்கும் இடத்துக்குள் மனிதர்கள் போகக் கூடாது. அள்ளி முடித்ததும் கொஞ்சம் பின்வாங்கி அடுத்த வெடி. ஒரு தளம் முடிந்தால் அதற்குக் கீழே இன்னொரு தளம். குழாயின் பாறை உறுதியாக இருக்கும் இன்னொரு பகுதியில், குடைந்த வெற்றிடத்தை சிமென்ட் கலந்த கல்லால் நிரப்பிவிட்டுப் பக்கத்து அறையைக் குடைவார்கள்.

மேலே மைனஸ் 30, 40 டிகிரி குளிர். அந்தக் காற்றை அப்படியே உள்ளே விட முடியாது, சூடாக்கித்தான் அனுப்பினார்கள். ஏரியிலிருந்து கசியும் தண்ணீரை இரவு பகலாக இறைத்து, சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும். பம்புகள் நின்றால் சுரங்கம் நின்றுவிடும். இவ்வளவுக்கும் மின்சாரம் பெரும்பாலும் டீசலில். 2012-ல் நான்கு காற்றாலைகள் வந்த பிறகு கொஞ்சம் ஆறுதல். இறக்கைகளில் பனி பிடிக்காமலிருக்க அவற்றுக்கும் சூடு காட்ட வேண்டும் என்பது தனிக்கதை.

ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது இரண்டு, மூன்று காரட். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அதாவது ஆயிரம் கிலோ பாறைக்கு அரை கிராம் வைரம். உலக அளவில் இதுவே பணக்காரச் சுரங்கம்தான்!

பாறையை நொறுக்கி, கனமான கலவையில் மிதக்கவிட்டுப் பிரித்து, கடைசியில் எக்ஸ்-ரே வெளிச்சத்தில் மின்னும் கற்களை மட்டும் இயந்திரமே ஊதித் தள்ளிச் சேகரித்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே 6 காரட்டுக்கு மேல் பெரிய கல் கிடைக்காது என்ற கணக்கில்தான் சல்லடையை வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரியது எதுவானாலும் நொறுக்கும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போகும். 2015-ல் 187.7 காரட் வைரம் ஒன்று, நீளவாட்டில் இருந்த ஒரே காரணத்தால் சல்லடைக்குள் நழுவித் தப்பித்தது. அதற்கு 'ஃபாக்ஸ்ஃபயர்' என்று பெயர் வைத்தார்கள். 2018-ல் 552 காரட்டில், கோழிமுட்டை அளவில் இன்னொரு மஞ்சள் வைரம். வட அமெரிக்காவில் அதுவரை கிடைத்ததிலேயே பெரியது. தப்பிக்காமல் பொடியான கற்கள் எத்தனையோ!

இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு

டயாவிக்கில் ஊர் கிடையாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விமானத்தில் வந்து, இரண்டு வாரம் தங்கி வேலை பார்த்துவிட்டு, இரண்டு வாரம் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பயணத்திலும் உயிர் போயிருக்கிறது. 2024 ஜனவரியில், தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஃபோர்ட் ஸ்மித் ஊரிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் விழுந்து நொறுங்கியதில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் டயாவிக் ஊழியர்கள். எல்லோரும் எல்லோரையும் தெரிந்துவைத்திருக்கும் சின்ன ஊர் அது.

சுரங்கம் இருக்கும் வடமேற்குப் பிரதேசங்களின் மொத்த மக்கள்தொகையே சுமார் 45,000. ஒரு பெரிய கிரிக்கெட் ஸ்டேடியத்தில் மொத்தப் பேரையும் உட்காரவைத்துவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஆயிரம் வேலை போவது சாதாரண விஷயம் இல்லை. வேலைவாய்ப்பு, பயிற்சி, ஒப்பந்தப் பணிகள் தருவதாக ஐந்து பூர்வகுடி அமைப்புகளோடு டயாவிக் ஒப்பந்தம் போட்டிருந்தது. லாரி, சமையல், விமானம் என்று பூர்வகுடிகளின் நிறுவனங்கள் வளர்ந்ததும் அந்த வேலைகளை நம்பித்தான்.

மறுபக்கம், அவர்களின் வாழ்க்கையோடு கலந்த கரிபூ மான்கள். பாதர்ஸ்ட் மந்தை என்று அழைக்கப்படும் கூட்டத்தில் 1986-ல் சுமார் 4.7 லட்சம் மான்கள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் மிஞ்சியது சுமார் 6,200. பருவநிலை, உணவு, வேட்டை எனக் காரணங்கள் பல இருந்தாலும், மான்களின் வழியில் குறுக்கிட்ட சுரங்கங்களையும் சாலைகளையும் பூர்வகுடிகள் சேர்த்தே சொல்கிறார்கள். சம்பளம் தந்ததும் சுரங்கம், சாப்பாட்டில் கைவைத்ததும் சுரங்கம் என்ற சங்கடம் அவர்களுக்கு.

சூரத் வரை நீளும் கதை

டயாவிக் மூடப்படுவதற்கு முதல் காரணம், கட்டுப்படியாகும் பாறை தீர்ந்துபோவது. 2023-ல் ஒரு குழாயின் அடிப்பகுதியைக் குடைய அனுமதி கொடுத்து ஆயுளைக் கொஞ்சம் நீட்டினார்கள். அதற்கு மேல் நீட்டச் சந்தை இடம் கொடுக்கவில்லை.

உலகின் பெரும்பாலான வைரங்கள் பட்டை தீட்டப்படுவது நம் குஜராத்தின் சூரத்தில். அதே சூரத் இன்று ஆய்வக வைரத்துக்கும் பெரிய மையம். சில வாரங்களில் தயாராகும் அந்தக் கல்லுக்கும் சுரங்கக் கல்லுக்கும் வெறும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விலை பல மடங்கு குறைவு. 2023-ல் பிரதமர் மோடி அமெரிக்காவில் ஜில் பைடனுக்குப் பரிசளித்ததும் 7.5 காரட் ஆய்வக வைரம்தான். பனிச்சாலையில் டீசல் ஏற்றிக்கொண்டு போய் எடுக்கும் கல் இந்தப் போட்டியில் எப்படி நிற்கும்? டயாவிக்கின் பக்கத்துச் சுரங்கமான எகாட்டி, விலைச் சரிவால் 2025-ல் ஒரு குழியில் வேலையை நிறுத்தியது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

அதே பிரதேசத்தில், ஏரிக்கு அடியில் இயங்கிய ஸ்னாப் லேக் சுரங்கத்தின் வேலையை 2015 டிசம்பரில் டி பியர்ஸ் நிறுவனம் திடீரென்று நிறுத்தியபோது, கிறிஸ்துமஸுக்கு முன்பாக நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதோடு ஒப்பிட்டால், வருடக்கணக்கில் முன்பே தேதி சொன்ன டயாவிக் கண்ணியமான பிரிவு என்று சொல்லலாம். ஆனால், தேதி தெரிந்துவிட்டால் மட்டும் வேறு வேலை வந்துவிடுமா என்ன!

உற்பத்தி நின்ற பிறகு மூடுவதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும். கட்டடங்களைப் பிரிக்க வேண்டும். மலைபோலக் குவிந்த கழிவுப் பாறையின் மேல் மண்ணையும் கல்லையும் போர்த்தி, உள்ளே நிரந்தரமாக உறைந்துபோகச் செய்ய வேண்டும். அதன் சரிவில் மான்கள் கால் இடறாமல் ஏற முடியுமா என்பதுவரை பூர்வகுடி மூத்தவர்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள்.

கடைசி வேலை ஏரி. குழிகளில் தண்ணீரை நிரப்பி, அதன் தரத்தைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். காப்பர்மைன் நதி இந்த ஏரியில்தான் புறப்பட்டு ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது என்பதால் இதில் அவசரம் காட்ட முடியாது. தண்ணீர் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, பார்த்துப் பார்த்துக் கட்டிய கரைகளை அவர்களே உடைத்துவிடுவார்கள். அன்று வெளியே விட்ட மீன்களின் சந்ததி மறுபடி உள்ளே வரலாம்.