ஒரே கட்டிடத்தில் ஒரே நேரம்



பழைய ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் பலவற்றில் சுவர்க் கடிகாரங்கள் யாவும் ஒரே தாய்க் கடிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தன. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை அது கம்பி வழியே மின்துடிப்பு அனுப்பும். அறைதோறும் முள் ஒரு படி நகரும். கம்பி அறுந்தால் கடிகாரங்கள் நின்றுபோகும். மாமல்லபுரம் போன்ற கடற்கரையில் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். உதிரிப் பாகங்களும் இப்போது அரிது.

ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டு, சபையார் அன்போடு உபயமாகத் தரும் பேட்டரி கடிகாரங்களை மாட்டுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் மாதத்துக்குச் சில விநாடிகள் தன் போக்கில் பிசகும். திருத்தாமல் விட்டால் வருஷ முடிவில் வார்டுக்கு வார்டு சில நிமிடங்கள் வேறுபடும். குழந்தை பிறந்த நேரம், ஊசி போட்ட நேரம், மூச்சு நின்ற நேரம் ஆகியவற்றை எழுதும்போது அந்த நிமிடங்கள் அற்பமானவையல்ல.

இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. ஊருக்கொரு நேரம் வைத்து ரயில் ஓட்ட முடியாததால், ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் வந்த இந்திய நேரம் அதைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தியது. இன்று அதைத் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் காத்துவருகிறது.

புதிய முறையில், செயற்கைக்கோள் அல்லது இணையம் வழியாக நேரம் பெறும் ஒரு தாய்க் கடிகாரம், மற்றவற்றைக் கம்பியில்லாமலே திருத்துகிறது. மின்சாரம் போய் வந்தாலும் அவை தாமே சரியான நேரத்துக்கு வரும்.

எனவே கடிகாரம் கொடுக்க விரும்புவோர், பத்துப்பேர் பத்து விதமாகக் கொடுப்பதைவிட, சேர்ந்து இப்படியொன்றைக் கொடுப்பதே நலம்.