வழுக்கு நிலமும் வண்டிச் சக்கரமும்

சக்கரம் சுழல்வதால் வண்டி ஓடுகிறது என்பர். இஃது அரை உண்மையே. சேற்றில் அகப்பட்ட லாரியின் சக்கரம் வெகு வேகமாகச் சுழல்கிறது. லாரியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சக்கரம் தரையைப் பின்னே தள்ள, தரை சக்கரத்தை முன்னே தள்ளுதலாலேயே வண்டி நகர்கிறது. அதற்கு இடந்தருவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடமோ ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினது!

கோடை முழுதும் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் தூறலில் குழைந்து வழுவழுப்பாகப் பரவும். அத்தகைய நாளொன்றில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் ஒரு கார் ஏறுகிறது எனக் கொள்க. அச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 உள்ளன. இக்காலச் சிறு கார்களுள் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்களே இழுத்துச் செல்கின்றன. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்புறம் சாய்கிறது. வளைவில் வெளிப்புறம் சாய்கிறது. ஆகவே, வளைவின் உட்புறத்து முன்சக்கரம் பாரங்குன்றிப் பிடிப்பிழந்து வீணே சுழல்கிறது. மற்றைச் சக்கரமேனும் வண்டியை இழுக்கலாகாதோ எனின், அதுவும் இயலாது. எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடும் டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு, இருபுறமும் ஒத்த முறுக்கு விசையையே தரவல்லது. வழுக்கும் சக்கரம் ஏற்கும் சிறு விசையே நல்ல சக்கரத்திற்கும் கிடைக்கும். நொண்டி மாட்டோடு ஒரே நுகத்தில் பூட்டிய நல்ல மாட்டின் நிலை அதற்கு. மேலும், சறுக்கும் டயர் பக்கவாட்டுப் பிடிப்பையும் இழத்தலால், ஸ்டீயரிங்கைத் திருப்பினும் வண்டி திரும்ப மறுக்கும். மலைச் சாலையில் இஃது உயிர்க்கு இறுதியாகவும் கூடும்.

இவ்விடரைக் குறைக்க வந்ததே இழுவைக் கட்டுப்பாடு. சக்கரந்தோறும் உள்ள உணரி அதன் வேகத்தை அளந்து கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. ஒரு சக்கரம் ஏனையவற்றினும் மிகுந்து சுழலின், கணிப்பொறி அதற்கு மட்டும் பிரேக்கு இடுகிறது. அத்தடையை எதிர்த்து எஞ்சின் மிகுந்த விசை தருகிறது. அவ்விசைக்கு ஒத்த பங்கு நல்ல சக்கரத்திற்கும் சென்று சேர்கிறது. இரண்டும் சுழலின், ஓட்டுநர் மிதியை அழுத்திக்கொண்டிருப்பினும் எஞ்சினின் ஆற்றல் குறைக்கப்படுகிறது. இவையெல்லாம் கண்ணிமைக்கும் பொழுதில் முடிகின்றன. ஓட்டுநர் காண்பது முன்பலகையில் மினுக்கும் சிறு மஞ்சள் விளக்கு ஒன்றே.

அமெரிக்க நாட்டுப் பியூக் நிறுவனம் 1971ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தன் கார்களில் அமைத்தது. பிரேக்கு இடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் கருவி 1978இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபின், அதன் உணரிகளே இதற்கும் பயன்படலாயின.

இக்கருவி பிடிப்பை உண்டாக்குவதன்று. இருக்கும் பிடிப்பை வீணாகாமற் காப்பது. தேய்ந்த டயருக்கு இது மருந்தாகாது. ஆழ்ந்த மணலிலோ ஆற்றலைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடவும் கூடும். அதுபற்றியே இதனை நிறுத்தி வைக்கப் பல கார்களில் ஒரு பொத்தான் உண்டு. எஞ்சின் இழுக்கும்போது மட்டுமே இது தொழிற்படும். அதே மலையிலிருந்து அதே மழையில் மிகு வேகமாக இறங்கி வருபவனுக்கு, ஏறும்போது துணைநின்ற இக்கருவி யாதொன்றும் செய்யமாட்டாது.