புயலுக்குப் பின் நம்ம ஊர் டாக்டர்!



2011 டிசம்பர் 30 காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 'தானே' புயல். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை நம்ம மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

புயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது 108 ஆம்புலன்ஸ், பெரியாஸ்பத்திரி, மருத்துவ முகாம். எல்லாம் அவசியம்தான். ஆனா காத்து அடங்கின மறுநாள் வேறொரு பிரச்சினை ஆரம்பிக்குது. இன்சுலின் போடும் பாட்டி, பிரஷர் மாத்திரை சாப்பிடும் தாத்தா, காசநோய் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாத பக்கத்து வீட்டுக்காரர்... இவர்களுக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனா மருந்துச் சீட்டு நனைஞ்சு போச்சு, கடை பூட்டிக் கிடக்கு, ஃபிரிட்ஜ் ஓடலை. இவங்க கதி?

2017-இல் 'மரியா' புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. ஆய்வுக்குப் பின் 2018-இல் அதை 2,975 என்று திருத்தியது! மின்சாரமும் மருந்தும் சிகிச்சையும் மாதக்கணக்கில் தடைபட்டதே பல சாவுகளுக்குக் காரணம்.

இங்கேதான் குடும்ப டாக்டர் வருகிறார். முகாமுக்கு வரும் டாக்டர் திறமைசாலிதான். ஆனால் நம்மை அவருக்குத் தெரியாது. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. எந்த வீட்டு மருமகள் முழுகாம இருக்கா, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காது என்பது உள்ளூர் டாக்டருக்குத்தானே தெரியும்?

இன்னொரு வேலையும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. ஒரே தெருவில் மூணு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் என்றால் முதலில் அறிபவர் உள்ளூர் டாக்டர். அவர் உடனே சுகாதாரத் துறைக்குச் சேதி சொன்னால், நோய் அடுத்த தெருவுக்குப் போகுமுன் தடுப்பூசி வந்துவிடும்.

தனி டாக்டர் இல்லாத ஊரில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும் கிராம செவிலியரும்தான் நம் குடும்ப டாக்டர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்களுக்கும் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிரஷர் என்பது அத்துப்படி.

சரி, நம்ம பங்கு என்ன?

ஐப்பசி பிறக்குமுன் வீட்டுப் பெரியவர்களின் நோய், மருந்து, அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். டாக்டரிடம் கேட்டு பதினைந்து நாள் மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இன்சுலினுக்கு? பீங்கான் ஊரில் இருக்கும் நமக்குத் தெரியாததா! கிளேஸ் போடாத மண்பானையின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறது. கரண்ட் இல்லாத நாளில் குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அந்தப் பானையில் வைக்கலாம். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. மழை ஈரத்தில் இன்னும் குறையும். ஆனாலும் சூட்டிலிருந்து காக்கும். ஐஸுக்குள் மட்டும் புதைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் உதவாது!

புயல் சொல்லிக்கொண்டு வருகிறது நண்பர்களே! அதற்கு முன்னே நம்ம டாக்டரைப் போய்ப் பார்ப்போமா?