‘அது டாக்சி வண்டில்லா?’ - ஒரே காருக்கு 2 பெயர் வைக்கும் ரகசியம்

நெல்லை:
நெல்லை ஜங்ஷனில் ரெயிலை விட்டு இறங்கி நவகைலாயம் போகணும் என்று கார் கேட்டால், வெள்ளை நிற டிசையர் வந்து நிற்பது வழக்கமான காட்சி. பாபநாசம், சேரன்மகாதேவி, முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணி கரையோடு சேர்ந்தபூமங்கலம் வரை 9 கோவிலையும் சுற்றிக்காட்டி, ராத்திரி பத்திரமாக கொண்டுவந்து இறக்கிவிடும்.

ஆனால் அதே காரை சொந்தத்துக்கு வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், "அது டாக்சி வண்டில்லா?" அதோடு பேச்சு வேறு காருக்கு போய்விடும்.

கார் கம்பெனிகளுக்கு தலைவலியே இந்த ஒரு கேள்விதான்.

1998 கடைசியில் டாட்டா இண்டிகா வந்தபோது அது குடும்ப கார். அம்பாசடர் போல உள்ளே இடம், வெளியே சின்ன வண்டி. டீசலில் ஓடியதால் கிலோ மீட்டருக்கு செலவு கம்மி. விடுவார்களா டாக்சிக்காரர்கள்? அள்ளிக்கொண்டு போனார்கள். விற்பனை ஏறியது. கூடவே ‘கால் டாக்சி வண்டி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 2018-ல் உற்பத்தி நிற்கும் வரை அது போகவில்லை. 2010-ல் வந்த டொயோட்டா எட்டியாசுக்கும் இதே கதிதான். அதுவும் 2020-ல் நின்றது.

இதற்கு மாருதி ஒரு வழி கண்டுபிடித்தது. 2012-ல் புது டிசையர் வந்ததும் பழைய மாடலை மூட்டை கட்டவில்லை. ‘டூர்’ என்று பெயர் வைத்து டாக்சிக்கு விற்றது. 2017-ல் அடுத்த டிசையர் வந்தபோதும் அதே வேலைதான். பிறகு வேகன்-ஆர் காரில் ‘டூர் எச்3’, எர்டிகாவில் ‘டூர் எம்’ வந்தன. டாட்டாவும் 2021-ல் டாக்சி வண்டிகளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று தனிப்பெயர் சூட்டியது.

என்ன வித்தியாசம்? அலங்காரம், வசதிகள் கொஞ்சம் குறையும். 80 கிலோ மீட்டருக்கு மேல் போகாதபடி ஸ்பீடு கவர்னர் இருக்கும். விலையும் குறைவு. மற்றபடி அடிப்படையில் அதே குடும்ப கார்தான்.

கம்பெனி தப்பித்தது. அடி விழுவது டிரைவருக்கு. கடனை அடைத்து, மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றி விற்கப்போனாலும் ஆர்.சி.யில் ‘டூர்’ என்ற பெயர் அப்படியே நிற்கும். வாங்க வருபவர் அதை காட்டியே விலையை குறைப்பார்.

மஞ்சள் போர்டு மட்டும்தான் மதிப்பை கெடுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இன்னோவா 2005-ல் இருந்து வாடகைக்கு ஓடுகிறது. அமைச்சரும் அதில்தான் போகிறார், கல்யாண வீட்டுக்காரரும் அதில்தான் போகிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜெர்மனியில் பென்ஸ் காரே டாக்சியாக ஓடுகிறது. குறைந்த விலை காருக்குத்தான் இந்த தீட்டு எல்லாம்.

உண்மையில் வாடகைக்கு ஓடும் கார் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் அன்றைய கூலி போச்சு. அதனால் அடிக்கடி மக்கர் பண்ணும் வண்டியை எந்த டிரைவரும் திரும்ப வாங்கமாட்டார். டாக்சிக்காரர் நம்பி வாங்கும் மாடல், வீட்டுக்கும் உழைக்கும்.

பழைய கார் வாங்குபவர்கள் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். ஆர்.சி.யில் மாடல் பெயரை பாருங்கள். ‘டூர்’ என்று இருந்தால் டாக்சிக்கு விற்ற வண்டி. இண்டிகா, எட்டியாஸ் போன்றவற்றை பெயரை வைத்து பிரிக்க முடியாது. டாக்சியாக ஓடியதா, பெர்மிட்டை ஒப்படைத்தாச்சா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.