செவிலியரின் முதற்கடமை

நோய் தீர்க்கும் பணி மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை அளித்துப் பேணுபவர் என்னும் நான்கும் ஒன்று கூடியதே மருத்துவம் எனத் திருவள்ளுவர் வகுத்துக் காட்டினார். அந்நான்கனுள் இறுதியில் எண்ணப்பெற்றவரையே நாம் இன்று செவிலியர் என அழைக்கிறோம். மருத்துவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்பது சில நிமிடங்களே. செவிலியரோ இரவும் பகலும் உடனிருப்பவர். ஆதலின் நோயின் போக்கில் தோன்றும் மாறுதலை முதலிற் காணும் கண் அவருடைய கண்ணே ஆகும்.

மாணவர்களே! ஒரு மருத்துவமனைக் கூடத்தை உங்கள் மனக்கண்முன் கொண்டு வாருங்கள். இரவுப் பணியேற்கும் செவிலியர் ஒருவர் உள்ளே வருகிறார். அங்கு நான்கு கட்டில்கள் உள்ளன. முதற் கட்டிலில் கால் எலும்பு முறிந்த இளைஞர் ஒருவர் வலி பொறாது உரக்க அரற்றுகிறார். இரண்டாங் கட்டிலில் வயிற்றுப்போக்கால் நலிந்த ஒருவர் நா வறண்டு, கெண்டைக்கால் பிடித்திழுக்க வருந்துகிறார். மூன்றாங் கட்டிலில் இருப்பவர் சிறுநீரக நோயுடையவர். கைகால்கள் தளர்வதாகச் சொல்கிறார். அவருடைய இரத்தச் சோதனைத் தாளில் பொட்டாசியத்தின் அளவு 6.8 எனக் குறிக்கப்பட்டுள்ளது. நான்காங் கட்டிலில் நெடுங்கால மூச்சிரைப்பு நோயினராகிய முதியவர் படுத்திருக்கிறார். மாலை வரையில் இரைத்து இரைத்து மூச்சு வாங்கிய அவர், இப்பொழுது ஓசையின்றிக் கண்மூடிக் கிடக்கிறார். செவிலியர் முதலில் யாரிடம் செல்லவேண்டும்?

உரக்க அழைப்பவரிடம் செல்க என்று நம் இரக்கம் கூறும். ஆனால் நன்கு பயின்ற செவிலியரின் கால்கள் நான்காங் கட்டிலை நோக்கியே விரையும். காரணம் யாது? மூச்சுவழி, மூச்சு, குருதியோட்டம் என்பதே உயிர் காக்கும் பணியின் வரிசை. உணவின்றிப் பல நாள் உயிர் தரிக்கலாம். நீரின்றியும் சில நாள் தரிக்கலாம். மூச்சின்றேல் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும்.

முதியவரின் அமைதி உறக்கமாகவும் இருக்கலாம். உயிருக்கு வரும் இடரின் அறிகுறியாகவும் இருக்கலாம். நெடுநேரம் முயன்று மூச்சு வாங்கியவரின் தசைகள் சோர்வுறின் இரைப்பொலி அடங்கும். அப்போது வெளியேறவேண்டிய கரியமில வாயு குருதியில் தேங்கி அறிவை மயக்கும். ஆகவே செவிலியர் அவரை அழைத்து எழுப்பிப் பார்ப்பார். முழுச்சொற்றொடர் பேச முடிகின்றதா என நோக்குவார். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். ஓய்விலிருக்கும் பெரியவர்க்கு அது நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இருத்தல் இயல்பு. உதடு நீலம் பாய்ந்துள்ளதா, விலாவிடைகள் உள்வாங்குகின்றனவா என்பவற்றையும் காண்பார்.

விரலிற் கவ்வும் சிறு கருவியொன்று குருதியில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவைக் காட்டும். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-இல் வெளிப்படுத்தியவர் தக்குவோ அயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியியலார். நலமுடையோர்க்கு இவ்வளவு பெரும்பாலும் 95 விழுக்காட்டிற்குக் குறையாது. ஆயினும் கரியமில வாயு தேங்கும் இயல்புடைய இத்தகைய முதியோர்க்கு 88 முதல் 92 விழுக்காடு வரையே மருத்துவர் இலக்காகக் கொள்வர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது ஆக்சிஜனுக்கும் பொருந்தும். அன்றியும், அக்கருவி கரியமில வாயுவின் அளவைக் காட்டாது. எனவே கருவியைப் பார்ப்பதோடு நோயாளியையும் பார்த்தல் வேண்டும்.

செவிலியர் முதியவரின் தலைப்புறத்தை உயர்த்தி, மருத்துவரை விரைந்து அழைக்கிறார். அந்நேரத்தில் மூன்றாங் கட்டிலை மறந்துவிடுவாரோ? மறவார், உடன் பணிபுரிபவரை அங்கு அனுப்புவார். நம் குருதியிலுள்ள உப்புகள் நரம்பையும் தசையையும் இயக்குபவை. அவற்றுள் பொட்டாசியம் ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும். 6.8 என்னும் அளவு இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்து நிறுத்தவும் வல்லது. நோயாளி அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இது நேரலாம். ஆதலின் இதயத் துடிப்பின் மின்வரைபடம் உடனே எடுக்கப்படும். இதயத்தைக் காக்கக் கால்சியமும், மிகுந்த பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்தக் குளுக்கோசுடன் இன்சுலினும் மருத்துவர் அளிப்பார். அன்புடன் உறவினர் கொணரும் இளநீரைச் செவிலியர் தடுப்பதும் இதனாலேயே; இளநீரில் பொட்டாசியம் மிகுதி.

வயிற்றுப்போக்குற்றவரின் உடலிலிருந்து நீரோடு சோடியமும் பொட்டாசியமும் வெளியேறிவிட்டன. அவர் பருக முடிந்தால் உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீரே அவர்க்கு நல்ல மருந்து. நாடி மெலிந்து அறிவு கலங்குமாயின் அவரும் முன்வரிசைக்கு வந்துவிடுவார். இளைஞரின் வலியும் பொய்யன்று. "இதோ வருகிறேன், ஐயா" என்று ஒரு சொல் கூறி, அவருடைய கால்விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் பார்த்து, மருத்துவர் ஆணைப்படி வலிநீக்கும் மருந்தளித்தல் கடமையே. வரிசையில் பின்னிற்பவர் புறக்கணிக்கப்பட்டவர் ஆகார்.

மூச்சையும் குருதியின் உப்பையும் பிரித்துப் பார்த்தலால் நேரும் தவற்றிற்கு வரலாற்றில் ஒரு சான்றுண்டு. 1952-இல் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பெருகிப் பரவியது. மூச்சுத்தசை செயலிழந்தோர் பலர் மாண்டனர். அவர்தம் குருதியில் பைகார்பனேட்டு என்னும் காரப்பொருள் மிகுந்திருந்தது. அதனை விளங்காத வேறொரு கோளாறு என்றே மருத்துவர் பலர் எண்ணினர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்தியல் மருத்துவரோ, அது மூச்சுக் குறைவால் தேங்கிய கரியமில வாயுவின் விளைவே எனத் தெளிந்தார். அவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் குழாய் பொருத்தச் செய்து, பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார், சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளின் அருகமர்ந்து கையாலேயே மூச்சூட்டினர். இறப்பு பெரிதும் குறைந்தது. சோதனைத் தாளின் எண் முன்னரும் அதுவே. நோயாளியின் மூச்சோடு சேர்த்து அதனைப் படித்த பின்னரே அதன் பொருள் விளங்கிற்று.

மாணவர்களே! இவ்வறிவு மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் இல்லத்திலும் முதியோர் உண்டு. மூச்சிரைப்பு உடையோரும் இருக்கலாம். இரைப்பவர் திடீரென ஓசை அடங்கி அயர்ந்தால், "நன்றாக உறங்குகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். அழைத்துப் பாருங்கள், மூச்சை எண்ணிப் பாருங்கள். எழுப்பியும் தெளியாரெனில், அல்லது உதடு நீலம் பாய்ந்திருப்பின், பெரியோரை அழைத்து 108 என்னும் எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

அழுகின்ற குரலைக் கேட்பதற்கு எல்லார்க்கும் செவியுண்டு. அழவும் இயலாதவரின் துன்பத்தைக் கண்டறிவதே செவிலியர் கல்வியின் பயன். அக்கண் பெற்றோர் எத்தொழில் செய்யினும் பிறர் உயிர்க்குத் துணையாவர்.